முதல் குடம்

1

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் பதினான்காவது தளத்தில் மின்தூக்கிக்காக நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. அதில் முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம். அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் 'அ.நா.' என்று எழுதியிருந்தது. வீட்டை விற்றவர்கள் டிரம்மையும் சேர்த்தே விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மற்றவை அதற்குப் பிறகுதான் தெரிந்தன. மாவிலை கட்டிய வாசற்கால். மூன்று செங்கல் வைத்து மூட்டிய அடுப்பு. பித்தளைப் பாத்திரத்தில் பொங்கி வழியும் பால். பக்கத்தில் அரக்குப் பட்டுப்புடவையில் என் தங்கை புவனா. அங்கே மணி நாலே முக்கால்கூட ஆகியிருக்காது. படத்தின் கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, பால் பொங்கிருச்சு. கெழக்க பாத்து வழிஞ்சுது. நீ இல்லாததுதான் கொற."

கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். அப்போது ஏழு பதினான்கு. மின்தூக்கி வந்து, திறந்து, மூடி, நான் ஏறாமலே போய்விட்டிருந்தது.

சேலம் குகைப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் அந்த வீட்டின் அகலம் பதினோரு அடி ஆறு அங்குலம். நீளம் நாற்பத்தெட்டு அடி. மூன்று பக்கம் ஜன்னல் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அதை என் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் அது என் தங்கை பெயருக்குப் பதிவானது. எனக்குப் பொறாமை. செய்தியின் சாரம் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் நான்காவது பத்தி வரை தள்ளிப்போட்டிருக்கிறேன்.

2

ஊரில் இருந்தபோது ஒரு நாளிதழின் சேலம் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். முதல் சில வருடங்கள் வரி விளம்பரப் பக்கம், அதற்குப் பிறகு பிழை திருத்தும் மேசை. வீடு விற்பனைக்கு, மனை விற்பனைக்கு என்று வருகிறவர்களின் வாயிலிருந்து நாலு வரி வாங்கி எழுத வேண்டும். 'காற்றோட்டமான வீடு' என்றால் எங்கோ கூரை பிரிந்திருக்கிறது என்று புரிந்துகொள்வேன். 'அமைதியான சூழல்' என்றால் பஸ் வராது. தன் வீட்டை வர்ணிக்கிற எவரும் மனத்துக்குள் தெருவில் போய் நின்றுகொண்டுதான் வர்ணிப்பார்கள். "எதுக்கால நின்னு பாத்தீங்கன்னா எடது கைப்பக்கம் போர் இருக்குதுங்க." நானும் அப்படியே எழுதிப் பழகினேன்.

எங்கள் சந்திலிருந்து ஒரு வீடுகூட என் பக்கத்துக்கு விளம்பரமாக வந்ததில்லை. அங்கே வீடு வாய் வார்த்தையில்தான் கைமாறும். முதலில் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால், முன்பே சொல்லி வைத்தவருக்கு. அதற்குப் பிறகுதான் ஊரார். இரண்டு ஸ்கூட்டர் ஒன்றையொன்று கடக்க முடியாத சந்து அது. ஒருவர் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "நூறு வயசு" என்று பதில் வரும். கட்டில், பீரோ வாங்கினால் கழற்றித்தான் கொண்டுவர வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை மட்டும் கழற்ற முடியாததால் மொட்டை மாடிகள் வழியாக நாலு வீடு தாண்டி இறக்குவார்கள். அப்படி இறக்கும்போது அதன் கம்பெனி, அளவு, விலை எல்லாம் நாலு வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

அந்த வீட்டின் முன்பகுதியில் நாங்கள் பதினான்கு வருடம் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், புவனா. பின்பகுதியில் வீட்டுக்காரர் அர்த்தநாரியும் அவர் மனைவி பழனியம்மாளும். நாங்கள் மாமா, அத்தை என்று கூப்பிடுவோம். அவர்களுக்கு நான் பெரியபுள்ள, புவனா சின்னப்புள்ள. எங்கள் பக்கம் ஒட்டியிருந்தது ஒரு விசைத்தறிப் பட்டறை. அலமாரியில் வைத்த டம்ளர் விடிவதற்குள் ஒரு விரல்கடை நகர்ந்திருக்கும். அதை எடுத்து மறுபடி உள்ளே தள்ளி வைப்பது என் காலை வேலைகளில் ஒன்று.

குழாய் ஒன்றுதான். நடைக்கு நடுவில், தரைமட்டத்துக்கு ஓரடி மேலே. எட்டு நாளைக்கு ஒருமுறை மேட்டூர்த் தண்ணீர் வரும், ஒரு மணி நேரம் ஓடும். முதல் குடம் வீட்டுக்காரருடையது. முன்பகுதியில் இருக்கிற எங்களுக்குத்தான் குழாய் சீறுகிற சத்தம் முதலில் கேட்கும். ஓடிப்போய் அவர்கள் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்துவிட்டு, "அத்தை, தண்ணி வந்துருச்சு!" என்று கூவ வேண்டும். அந்தக் குடம் நிறைந்த பிறகு எங்களுடையது. அத்தை கருமி அல்ல. ஒரு குடம் பிடித்துவிட்டு, "நீங்க புடிங்க சாமி, எனக்கு அப்பறமாப் பாத்துக்கலாம்" என்று நகர்ந்துவிடுவார். மூன்று குடம் நாங்கள் பிடித்த பிறகுதான் திரும்பி வருவார். ஆனாலும் முதல் குடம் அவருடையது.

சிங்கப்பூருக்குக் கிளம்பும் முன்தினம் சொல்லிக்கொள்ளப் போனேன். "மாமா, இந்த ஊட்டை எப்ப வித்தாலும் எனக்குத்தான்" என்றேன். அவர் சிரித்தார். "ஏரோப்ளேன்ல போறவளுக்கு இந்தச் சந்துல என்ன வேல? செரி சாமி, உனக்குத்தான்."

சொல்லி வைத்தாகிவிட்டது.

3

இங்கே நாங்கள் இருப்பதும் நெருக்கமான இடம்தான். ஒரு தளத்துக்குப் பத்து வீடு, ஒரு கட்டடத்துக்குப் பதினாறு தளம், கண்ணுக்கு எட்டிய வரை கட்டடங்கள். எங்கள் வீட்டைச் சொந்தமாகத்தான் வாங்கினோம். சொந்தம் என்றால் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. எங்களுக்கு முன் இருந்தவர்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தீர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மீதியில் நாங்கள் இருக்கிறோம். வாங்கியபோது வரிசை எண் கொடுத்தார்கள், நேரம் கொடுத்தார்கள், கொடுத்த நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். பதினெட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கேயும் ஒரு பிழை இல்லை. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. மூலையில் இயந்திரம் இருந்தது, நாமே பிடித்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி. ஒன்பது வருடமாகப் புன்னகைத்துக்கொள்கிறோம். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. படுக்கையறை ஜன்னலில் ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரியும். பொறாமைப்படுவதற்குக் கடல் எந்த வகையிலும் தடையாக இருக்கவில்லை.

அன்று மாலை அந்தப் படத்தை மகள் யாழினிக்குக் காட்டினேன். பதினாறு வயது. பெரிதாக்கிப் பார்த்தாள்.

"காரிடார் அழகா இருக்கும்மா."

"அது காரிடார் இல்ல. சந்து. தெரு மாதிரி."

"ஓ. தெருவா? ரூஃப் மட்டும்தான் இல்ல." இன்னும் பெரிதாக்கினாள். "ஜன்னலே இல்லையே. சித்தி ஏன் வாங்குனாங்க?"

"நான் வாங்குறதா இருந்தது."

"நீங்களா? நாம எப்ப அங்க இருக்கப்போறோம்?" கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "சித்தி வாங்குனா என்ன, போனா அங்கதானே தங்குவோம்."

அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

4

போன பொங்கலுக்குச் சற்று முன்னால் அர்த்தநாரி மாமா கூப்பிட்டார். மகன் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருக்கிறான். அவனோடு போய் இருந்துவிடலாம் என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். மாமாவுக்கு எண்பத்தொன்று. அத்தைக்கு முழங்கால் மடங்குவதில்லை.

"முருகேசனைக் கேட்டுப்போட்டேன், அவன் வேண்டாமுன்னுட்டான். அடுத்தது நீ சொல்லி வெச்சவ. சொன்ன சொல்லு இருக்குதல்லோ? வந்து பாரு சாமி."

முருகேசன் மறுபக்கத்து வீட்டுக்காரர். இடையில் இருப்பது பொதுச்சுவர்.

பொங்கல் விடுமுறையில் போனேன். புவனாவும் கூட வந்தாள். அவள் அப்போது ஐந்து ரோடு தாண்டி ஒரு வாடகை வீட்டில் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். துண்டு வாங்கிப் பொட்டலம் கட்டி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் தொழில். சரக்கு ஒரு இடம், வீடு ஒரு இடம் என்று அலைச்சல். அவள் வீடு தேடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். இந்த வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அது அக்காவுடையது என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

என் கைப்பையில் இருந்தவை: அளவு எடுக்கும் ஒளிக்கருவி, குறிப்பேடு, வில்லங்கச் சான்றின் நகல், ஒரு தண்ணீர் பாட்டில். ஊருக்குப் போன முந்தைய இரண்டு முறையும் வயிற்றுப்போக்கில் படுத்தவள் நான். அதனால் பாட்டில்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கையில் எவர்சில்வர் டம்ளர்.

"வா சாமி. ஏன் நின்னுட்டே இருக்கற? மொதல்ல தண்ணியக் குடி."

"இருக்குங்கத்தை, கொண்டாந்திருக்கறேன்" என்று பாட்டிலை எடுத்துக் காட்டினேன்.

அத்தை டம்ளரை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை மாடக்குழியில் வைத்தார். நான் சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறதா என்று பார்த்து, "பதினொன்று ஆறு" என்று எழுதிக்கொண்டிருந்தேன். பழைய பத்திரத்தில் பன்னிரண்டு அடி. அரை அடி எங்கே போனது என்று மாமாவிடம் கேட்டேன்.

"அரையடி எங்க சாமி போவுது? எங்கய்யன் காலத்துல காலால அளந்தது. அவருக்குக் காலு சின்னது."

நான் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது புவனா மாடக்குழியிலிருந்த டம்ளரை எடுத்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்து, "மேட்டூர்த் தண்ணி மேட்டூர்த் தண்ணிதானுங்கத்தை" என்றாள். அத்தை முகம் தெளிந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனாலும் வீடு பார்க்கப் போனாலும் தண்ணீர் கொடுப்பார்கள். பிடித்திருந்தால் குடிக்க வேண்டும். வேண்டாம் என்று வாயால் சொல்லி யாரையும் நோகடிக்கக் கூடாது என்பதற்காக, டம்ளரைத் தொடாமல் எழுந்து போவார்கள். இது எனக்குத் தெரியாதா? என் மாமன் மகளைப் பார்க்க வந்து தண்ணீரைத் தொடாமல் போன குடும்பத்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று அந்த வீட்டில், எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரில் ஒரு டம்ளர் என் முன்னால் நீட்டப்பட்டபோது, அது எனக்கு வெறும் தண்ணீராகத் தெரிந்தது.

5

சிங்கப்பூர் திரும்பியதும் வேலையில் இறங்கினேன். சேலத்தில் ஒரு வழக்கறிஞரை வைத்துப் பத்திரங்களைப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒன்பது கேள்விகள் எழுதினார். நான் மேலும் ஐந்து சேர்த்தேன். பதினான்கு கேள்விகள் கொண்ட தாளை ஒரு வழக்கறிஞரின் குமாஸ்தா அந்தச் சந்துக்குள் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தார். பதினான்கு வருடம் தன் வீட்டில் குடியிருந்த பெண்ணிடமிருந்து அவருக்குக் கிடைத்த முதல் கடிதம் அது.

நான் நேரில் வந்து கையெழுத்துப் போட விடுப்பு இல்லை. புவனா பெயருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து, எனக்காக அவளைப் பதிவு செய்யச் சொல்வது என்று ஏற்பாடு. ஊரில் பவர் என்பார்கள். அதில் சொத்து விவரத்தை நானே எழுதினேன். மூலப்பத்திரத்தில் இருந்த நான்கு எல்லைகளும் இறந்துபோனவர்கள் பெயரில் இருந்தன. இப்போது இருக்கிறவர்கள் பெயரைப் போடச் சொன்னார் பத்திர எழுத்தர். கண்ணை மூடி வீட்டை நினைத்து, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன். அழகான நான்கு வரிகள்.

தூதரகத்தில் சான்று வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னார். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, ஆதாரில் ஓர் எழுத்துதான் இருக்கிறது, இரண்டும் ஒருவரே என்பதற்கு உறுதிமொழி வேண்டும். அதற்கு ஒரு நாள் குறித்தார்கள். அந்த நாளில் யாழினிக்குத் தேர்வு. மாற்றினேன். இப்படி ஏழு வாரம் போனது.

ஏழு வாரமும் மாமா ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா வழி உறவுக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உன்ற தங்கச்சி ஊடு முடிச்சுட்டாளாமே, முன்பணம் குடுத்தாச்சாமா."

உடனே புவனாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "சொல்லோணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

"எப்ப இருந்து?"

"ஒம்பது நாளா."

"ஒம்பது நாளா என்ன பண்ணிட்டிருந்த?"

"பயந்துட்டு இருந்தேன்." அவள் குரல் தணிந்திருந்தது. "நானாப் போயிக் கேக்கலக்கா. மாமாதான் கூப்புட்டு உட்டாரு. 'உங்கக்காளுக்கு இந்த ஊடு புடிக்கல சின்னப்புள்ள, தண்ணியக்கூட வாயில வெக்கல. வேண்டாமுன்னு சொல்ல மாட்டாம காயிதமா அனுப்பிட்டிருக்கறா. நீ குடிச்சயல்லோ, நீயே எடுத்துக்க'ன்னாரு. அப்படியில்லீங் மாமா, அக்காளுக்கு வவுறு ஆவாது, அதனாலதான்னு நான் சொன்னேன். அத்தைதான் ஒத்துக்கல. 'என்ற கையால குடிச்சு வளந்த புள்ளைக்கு என்ற தண்ணி ஆவாதா'ன்னு கேட்டுப்போட்டாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"நீ எதுக்கு அதைக் குடிச்ச?"

"உனக்காகத்தான் குடிச்சேன். அவங்க மனசு நோவக் கூடாதுன்னு."

"ஊட்டையும் எனக்காகத்தான் வாங்குனயா?"

"இல்ல" என்றாள் புவனா. "அது எனக்குத்தான். நான் இங்க இருக்கறவ. நீ வாங்கியிருந்தா பூட்டித்தான வெச்சிருப்ப?"

தொடர்பைத் துண்டித்தது நான்தான்.

விலை இருவருக்கும் ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்தது. பதினான்கு கேள்விகளில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை என்பதும் தெரிந்தது. அடுத்த சில வாரங்கள் அவள் போடும் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பகுதித் தரையில் அவள் தேர்ந்தெடுத்த ஓட்டின் நிறம் தவறு. அந்த வெளிச்சத்தில் அது ஆஸ்பத்திரி போல இருக்கும். சுவிட்ச் போர்டை ஒரு சாண் உயரத்தில் வைத்திருக்கிறாள். அலமாரிக் கதவு நேராக இல்லை. இவற்றை ஒரு தாளில் குறித்தும் வைத்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

7

பதிவு திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமை ஒரு குரல் செய்தி வந்தது. எதுவுமே நடக்காதது போன்ற குரல்.

"அக்கா, பத்திரம் டைப் பண்ணிக் குடுத்துட்டாங்க. ஒருக்கா கண்ணுல ஓட்டிப்போடு. தப்புக் கண்டுபுடிக்கறதுக்கு உன்னாட்ட ஆளு இந்தச் சேலத்துல கெடையாது."

கூடவே பதினோரு பக்கங்களின் படம். அச்சிட்டு, பென்சில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாங்குபவர் பெயரில் முதலிலேயே ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது. அர்த்தநாரியின் அப்பா பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதம். ஒரு பக்கத்தில் ஒரு வரி இருமுறை. மொத்தம் ஆறு பிழைகள்.

பத்தாவது பக்கம் சொத்து விவரம். இரண்டு வரி படித்ததும் நிறுத்தினேன். அவை என் வாக்கியங்கள். எனக்காக எழுதி அனுப்பிய நான்கு வரிகளைப் பத்திர எழுத்தர் அப்படியே எடுத்துப் புவனாவின் பத்திரத்தில் வைத்திருந்தார். கால்புள்ளிகள்கூட நான் வைத்த இடத்தில் இருந்தன. பெயர் மட்டும் அவளுடையது.

'கிழக்கில்: விசைத்தறிப் பட்டறை. மேற்கில்: முருகேசன் வீடு, மேற்படி பொதுச்சுவரில் பாதி பாத்தியதை உட்பட.'

பென்சில் நின்றது. தறிப்பட்டறை எனக்கு எப்போதும் இடது பக்கம். வாசற்படியில் சந்தைப் பார்த்து உட்கார்ந்து படிப்பேன், இடது காது பக்கம் தறி ஓடும். அந்த வாசல் வடக்குப் பார்த்தது. வடக்குப் பார்த்து உட்கார்ந்தால் இடது கை மேற்கு. ஆனால் நான் எழுதியபோது, விளம்பரம் எழுதுகிறவள் போல, எதிரில் சந்தில் போய் நின்று வீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அங்கிருந்து இடது கை கிழக்கு. பதினான்கு வருடம் உள்ளே இருந்து கேட்ட சத்தத்தை வெளியே நின்று திசை சொல்லியிருந்தேன்.

இது எழுத்துப்பிழை அல்ல. புவனா அந்தப் பொதுச்சுவரின் மேல்தான் மாடி எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்கு முருகேசனின் மகன்கள் பத்திரத்தைக் காட்டச் சொன்னால், அவளுக்குப் பாதி உரிமை இருப்பது இல்லாத திசையில் உள்ள ஒரு சுவரில். பதிவான பிறகு இதைத் திருத்துவதென்றால் விற்றவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். விற்றவருக்கு வயது எண்பத்தொன்று.

ஆறு பிழைகளையும் வரிசையாகத் தட்டச்சு செய்தேன். ஏழாவதையும் செய்தேன். அதைப் படித்துப் பார்த்தேன். பிறகு ஏழாவதை அழித்துவிட்டு அனுப்பினேன். மாலை நாலு மணி ஐந்து நிமிடம்.

அந்த வீட்டின் கிழக்கு மேற்கு எனக்கே தெரியவில்லை என்று அவளிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை என்று அன்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இந்தக் குறிப்பின் நான்காம் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

ஒரு மாதம் போனது. ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம்.

8

பால் காய்ச்சிய அன்று மாலை, இங்கே எட்டு இருபதுக்கு, புவனா காணொளியில் வந்தாள். விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். பட்டுப்புடவையை மாற்றிப் பருத்தியில் இருந்தாள். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். யாழினி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனாள். பின்பகுதித் தரை ஓடு நேரில் அவ்வளவு மோசமாக இல்லை. சுவிட்ச் போர்டு சரியான உயரத்தில்தான் இருந்தது, படத்தின் கோணம் தவறு.

"மாமாவும் அத்தையும் வந்திருந்தாங்க" என்றாள். "அத்தைதான் பாலு ஊத்துனாங்க. நீ எப்ப வாரேன்னு கேட்டாங்க."

"புவனா" என்றேன். "பத்திரத்துல ஒரு தப்பு இருக்குது."

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"கெழக்கயும் மேக்கயுமா?"

கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்தேன்.

"அது அன்னைக்கே திருத்தியாச்சுக்கா. கையெழுத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் சத்தமா வாசிக்கச் சொன்னாரு மாமா. கண்ணை மூடிக் கேட்டுட்டே இருந்தவரு, அந்த வரி வந்ததும் முழிச்சுட்டாரு. 'கெழக்க எங்கய்யா தறி ஓடுது? இந்த ஊட்டுல குடியிருக்காதவன் ஆரோ எழுதியிருக்கறான்'ன்னு ஒரே சத்தம். ஆபீசே திரும்பிப் பாத்துது."

"நீ என்ன சொன்ன?"

"டைப் அடிச்ச அம்மா தப்புன்னு சொல்லிப்போட்டேன். வெளிய வந்து அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்." கொஞ்சம் சிரித்தாள். கண்கள் கைப்பேசியைப் பார்க்கவில்லை. "ஆறு தப்பைக் கண்டுபுடிச்ச, ஏழாவத உட்டுட்டயே. கண்ணாடி மாத்தோணுமாட்ட இருக்குது உனக்கு."

"ஆமா" என்றேன். "மாத்தோணும்."

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் கைப்பேசி வழியாக இங்கே வந்தது. அவளுடைய இடது பக்கத்திலிருந்து.

அப்போது முன்பகுதியிலிருந்து ஒரு பெண் குரல் கூவியது. அங்கே குடியிருக்கும் வாடகைக்காரர்கள் இன்னும் மாறவில்லை.

"அக்கா, தண்ணி வந்துருச்சு!"

"அக்கா இரு, இப்ப வந்தர்றேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் புவனா கைப்பேசியை எடுத்துக்கொண்டே ஓடினாள். நடையில் அந்த நீல டிரம்மின் மேல் சாய்த்து வைத்தாள். படம் கொஞ்சம் சரிந்து நின்றது. குழாய் தெரிந்தது. இரண்டு குடங்களோடு சுவரோரமாக ஒதுங்கி நிற்கும் பெண்ணின் பாதி உடல் தெரிந்தது.

"நீ வேண்ணா புடிச்சுக்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் புவனா.

"அதெப்படிங்கக்கா, நீங்க மொதல்ல வெய்ங்க" என்றது அந்தக் குரல். "குடத்த அங்கயே வெச்சுட்டேன் பாருங்க."

பச்சைப் பிளாஸ்டிக் குடம். குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்தது. புவனா குனிந்து குடத்தை நேராக வைத்தாள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் குடம் நிறைய ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது.